கிண்ண அரசி: நீர், உள்ளுணர்வு, மூடிய கிண்ணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், சனி ஞாயிறுகளில் டாரட் என்னும் குறிபார்க்கும் படச் சீட்டுகளுடன் நான் உட்கார்ந்திருப்பது வழக்கம். செம்பனைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களும், தொழிற்சாலை வேலை முடிந்து வருகிறவர்களும், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளும் வேறெந்தச் சீட்டையும்விடக் கிண்ண அரசியைப் பற்றியே என்னிடம் அதிகமாகக் கேட்கிறார்கள். வாயால் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

கிண்ண அரசி என்பது எந்தச் சீட்டு?

டாரட் கட்டில் 78 சீட்டுகள் உண்டு. அவற்றுள் 22 பெருஞ்சீட்டுகள். மீதமுள்ள 56 சீட்டுகள் கிண்ணம், கோல், வாள், காசு என்னும் நான்கு இனங்களாகப் பிரிந்திருக்கின்றன. ஒவ்வோர் இனத்திலும் பத்து எண் சீட்டுகளுக்குப் பிறகு ஏவலன், குதிரைவீரன், அரசி, அரசன் என்று நால்வர் வருகிறார்கள். கிண்ண இனத்தின் அரசியே நம் சீட்டு. சாதாரணச் சீட்டாட்டக் கட்டில் இவளுக்கு இணையானவள் ஆட்டின் ராணி.

நான் பேசப்போவது பெரும்பாலும் 1909இல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டைப் பற்றியே. ஆர்தர் எட்வர்ட் வெய்ட் வகுத்த திட்டத்தின்படி பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் ஓவியர் அதை வரைந்தார். இன்று கடைகளில் விற்கும் கட்டுகளில் மிகப் பல அதன் பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள்.

டாரட் எகிப்திலிருந்து வந்த மறைஞானம் என்கிறார்களே?

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு சீட்டாட்டமாகத் தோன்றியது. அதற்கு எகிப்தியப் பூசாரிகளின் இரகசியம் என்ற கதையைக் கட்டியவர் 1781இல் எழுதிய கூர் த ஜெபலென் என்னும் பிரெஞ்சுக்காரர். சான்று எதையும் அவர் தரவில்லை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பூசாரிகளின் கதை பொய்யென்றாலும், கிண்ணம் என்னும் இனச்சின்னம் எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் விளையாட்டுச் சீட்டுகள் வழியாகவே ஐரோப்பாவுக்கு வந்தது. ஆனால் அந்த மம்லூக்குக் கட்டில் அரசியே கிடையாது; அரசனும் அவனுடைய துணையதிகாரிகளும் மட்டுமே இருந்தார்கள். ஆகவே கிண்ணம் கிழக்கிலிருந்து போனது, அதைப் பிடிப்பதற்கு ஒரு பெண்ணை உட்கார வைத்தது ஐரோப்பா.

படத்தில் என்னென்ன இருக்கின்றன?

கடலோரத்தில், பல நிறக் கூழாங்கற்கள் பரவிய கரையில், கல் சிம்மாசனம் ஒன்றில் முடிசூடிய பெண் அமர்ந்திருக்கிறாள். அவளுடைய ஆடையின் விளிம்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஓவியர் கோடுகளை ஓடவிட்டிருக்கிறார். சிம்மாசனத்தின் முதுகில் ஒரு பெரிய சிப்பியின் வடிவம். சுற்றிலும் மீன்வால் கொண்ட குழந்தை உருவங்கள். அவள் இரு கைகளாலும் ஒரு கிண்ணத்தை ஏந்தி, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கிண்ணத்தின் இருபுறமும் சிறகுடைய தேவதைகள், உச்சியில் சிலுவை. கிண்ணம் மூடியிருக்கிறது.

சிப்பியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலாய்மொழியில் சுங்கை என்றால் ஆறு; சிப்புட் என்பது நத்தையையும் சிப்பி வகைகளையும் குறிக்கும் சொல். ஐரோப்பிய ஓவியத்தில் சிப்பி காதல் தெய்வமான வீனஸ் கடலிலிருந்து கரையேறிய ஊர்தி. கிறிஸ்தவ மரபிலோ அது ஞானஸ்நானத்தின் அடையாளம், தூரதேச யாத்திரிகர்கள் உடையில் அணிந்த சின்னம். காதல், புதுப்பிறப்பு, பயணம் மூன்றையும் அரசியின் முதுகுக்குப் பின்னால் ஒரே ஓடு தாங்கி நிற்கிறது. மீன்வால் குழந்தைகள், 16ஆம் நூற்றாண்டு மருத்துவரான பாரசெல்சஸ் நீருக்குரிய உயிர்களாக வகுத்த உண்டீன்களின் வழிவந்தவர்கள்.

கிண்ணம் ஏன் மூடியிருக்கிறது?

என்னைக் கேட்டால், இந்தச் சீட்டில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். பலர் கடைசியாகக் கேட்கிறார்கள். சிலர் மூடியைக் கவனிப்பதே இல்லை.

இதே கட்டில் கிண்ண இனத்தின் மற்றச் சீட்டுகளை வரிசையாக மேசையில் பரப்பிப் பாருங்கள். முதல் சீட்டின் கிண்ணத்திலிருந்து நீர் பொங்கி வழிகிறது. ஐந்தில் மூன்று கிண்ணங்கள் கவிழ்ந்து கிடக்கின்றன. ஏழில் நகையும் கோட்டையும் பாம்புமாகக் கற்பனைகள் எட்டிப் பார்க்கின்றன. ஏவலனுடைய கிண்ணத்திலிருந்து ஒரு மீன் தலைநீட்டி அவனோடு பேசுவதுபோல் இருக்கிறது. இத்தனை கிண்ணங்களுக்கு நடுவில் மூடி போட்டிருப்பது அரசியின் கிண்ணம் ஒன்றுதான். அதுவே அலங்காரமும் மிகுந்தது. இது ஸ்மித்தின் தனிக் கற்பனையும் அன்று; மார்சேய் என்னும் பிரெஞ்சு மரபைச் சேர்ந்த பழைய அச்சுச் சீட்டுகளிலும் அரசி மூடிய கிண்ணத்தையே பிடித்திருக்கிறாள்.

என் தாயார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன்பே வெட்டுக்குப் போவார்கள், ஏனென்றால் குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெட்டிய கோட்டின் வழியாகச் சொட்டும் பால், மரத்தில் கட்டிய மங்கு என்னும் கிண்ணத்தில் சேரும். நடுவில் மழை பிடித்துக்கொண்டால் பட்டையில் வழியும் நீர் மங்குக்குள் இறங்கிப் பாலைக் கெடுத்துவிடும். அன்றைய உழைப்பு போயிற்று. முதன்முதலாக இந்தச் சீட்டை அவரிடம் காட்டியபோது, நான் சொல்லத் தொடங்கிய நீர்த்தத்துவம் எதையும் அவர் காதில் வாங்கவில்லை. சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இந்தம்மா மங்க மூடி வச்சிருக்கு, மழைக்கு பயமில்ல” என்றார். சீட்டைப் பற்றி நான் கேட்ட விளக்கங்களில் அதற்கு மேலானது இன்னும் அமையவில்லை.

திறந்த மங்கு மரத்தின் பாலையும் வாங்கும், வானத்தின் மழையையும் வாங்கும்; எது எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. பிறர் துயரத்தைப் பார்த்தவுடன் கலங்கிப் போகிறவர்களின் நிலை அதுதான். அவர்களுக்கு உணர்வு நிறைய உண்டு, ஆனால் அது தன்னுடையதா, எதிரில் உட்கார்ந்திருப்பவருடையதா என்று பிரித்தறிய முடிவதில்லை. அரசியோ கடலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தும், கடல் நீர் தன் கிண்ணத்துக்குள் புகாதபடி வைத்திருக்கிறாள். உள்ளுணர்வு என்று இந்தச் சீட்டு காட்டுவது அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துத்தான் என்று நான் படிக்கிறேன்.

இங்கே ஒரு தமிழ்ப் பழமொழியைக் கொண்டுவந்து பொருத்துகிறவர்கள் உண்டு: நிறைகுடம் தளும்பாது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் சீட்டுக்குப் பொருந்தவில்லை. மூடியிருப்பதால் கிண்ணம் நிறைந்திருக்கிறதா, பாதியா, வெறுமையா என்பது பார்க்கும் நமக்குத் தெரியாது. ஓவியர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். நாமாக நிரப்பக் கூடாது.

தேவதையும் சிலுவையும் இருப்பதால் இது கிறிஸ்தவச் சீட்டா? வீட்டுச் சாமியறைப் பக்கத்தில் வைக்கலாமா?

கிண்ணத்தின் வடிவம் கத்தோலிக்கத் தேவாலயங்களில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைக்கும் மூடியிட்ட பாத்திரத்தை நினைவூட்டுகிறது. வெய்ட் கத்தோலிக்கராக வளர்ந்து பின்னர் மறைஞானப் பக்கம் திரும்பியவர். ஸ்மித் இந்தச் சீட்டுகளை வரைந்து முடித்தபின், 1911இல் கத்தோலிக்கத்தைத் தழுவினார். எனவே அந்தச் சாயல் தற்செயலாக வந்திருக்காது. அதற்காக இது ஒரு மதத்தின் வழிபாட்டுப் பொருளாகிவிடாது. இது அச்சடித்த அட்டை; உங்கள் வீட்டில் எங்கே வைப்பது என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் விருப்பம். மேசை இழுப்பறையில் வைத்தாலும் சீட்டு கோபித்துக்கொள்ளாது.

நீருக்கும் உள்ளுணர்வுக்கும் என்ன தொடர்பு? ‘நீரின் நீர்’ என்பது என்ன?

1888இல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்னும் மறைஞானச் சங்கத்தின் பாடத்திலிருந்து இந்தச் சொல் வருகிறது. வெய்ட், ஸ்மித் இருவருமே அதில் உறுப்பினர்களாக இருந்தவர்கள். அவர்கள் நான்கு இனங்களுக்கும் நான்கு பூதங்களைப் பொருத்தினார்கள்: கோலுக்கு நெருப்பு, கிண்ணத்துக்கு நீர், வாளுக்குக் காற்று, காசுக்கு மண். பிறகு அரசவை நால்வருக்கும் அதே நான்கைப் பொருத்தினார்கள்; அதில் அரசியருக்குக் கிடைத்தது நீர். ஆகவே கோல் அரசி நெருப்பின் நீர், வாள் அரசி காற்றின் நீர். கிண்ண அரசி மட்டும் நீரின் நீர், வேறெதுவும் கலவாதவள். (நமக்குப் பூதம் ஐந்து, ஆகாயத்தை இந்தக் கணக்கில் தேட வேண்டாம்.)

எபிரேய மறைமொழியில் இறைவனின் நான்கெழுத்துப் பெயர் யோத், ஹே, வாவ், ஹே என்று வரும். அதில் முதல் ஹே, பெற்றுக்கொண்டு வடிவம் கொடுக்கும் தாய்மைக்குரியது என்று அவர்கள் கொண்டார்கள். அரசியர் நால்வரும் அந்த எழுத்துக்கும், கபாலா என்னும் யூத மறைஞானம் வரையும் மரத்தின் மூன்றாம் நிலையான பினாவுக்கும் உரியவர்கள். பினா என்றால் புரிதல். முதல் பொறி வேறிடத்தில் பிறக்கிறது. அதை வாங்கிக் கருவாக்குவது இந்த நிலை. பாத்திரம் என்னும் உருவகம் இங்கேயும் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

நீர் ஏன் உள்ளுணர்வுக்குச் சின்னமாக வேண்டும் என்று ஒரு தம்பி விடாமல் கேட்டார். நீர் தனக்கென்று வடிவம் இல்லாதது, எதில் ஊற்றினாலும் அதன் வடிவைக் கொள்வது, அசையாதிருந்தால் முகம் காட்டுவது, அடியில் உள்ளதை மறைப்பது என்பன மறைஞானிகள் சொல்லும் காரணங்கள். முகம் காட்டுவதும் அடியை மறைப்பதும் ஒரே நீரின் இரண்டு குணங்கள் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. ‘எனக்கு மனத்தில் பட்டது’ என்று சொல்லும்போது, ஆழத்தில் உள்ளதைக் கண்டோமா, நீர்மேல் தெரிந்த நம் முகத்தையே கண்டோமா என்று சொல்வது கடினம்.

அரசி கனவு காண்கிறவள் மட்டும்தானா?

இல்லை. கிண்ணத்தில் காட்சி காண்கிறவளைப்போல அவள் கனவில் ஆழ்ந்திருக்கிறாள் என்று வெய்ட் எழுதிவிட்டு, அது அவளுடைய ஒரு பக்கம் மட்டுமே, அவள் காண்பதோடு நில்லாமல் செயலும் புரிகிறாள், அந்தச் செயலே கனவுக்கு உணவாகிறது என்ற கருத்தையும் சேர்த்தார். வாக்கியத்தின் இரண்டாம் பாதியைப் பெரும்பாலான விளக்கக் காணொளிகள் விழுங்கிவிடுகின்றன. அரசியின் கால்கள் கரையில் இருக்கின்றன. அவளுடைய கணவனான கிண்ண அரசனின் சிம்மாசனம் நடுக்கடலில் மிதக்கிறது. அவனைப் பற்றி யாரும் கனவுகாண்கிறவன் என்று குறைசொல்வதில்லை என்பது தனி வேடிக்கை.

இவளும் பெருஞ்சீட்டுகளில் வரும் தலைமைப் பூசாரிணியும் ஒருவரேதானா?

இருவருக்கும் நீரும் நிலவும் பொதுவாக இருப்பதால் குழப்பம் வருகிறது. தலைமைப் பூசாரிணி இரண்டாம் எண் பெருஞ்சீட்டு. இரண்டு தூண்களுக்கு நடுவே, மாதுளை வரைந்த திரைக்கு முன்னால் அமர்ந்து, பாதி மறைத்த சுருளை மடியில் வைத்துக்கொண்டு நேராக நம்மைப் பார்க்கிறாள். அவள் ஒரு தத்துவம். அவளுக்கு ஊரும் உறவும் கிடையாது. கிண்ண அரசியோ அரசவைச் சீட்டு, அதனால் ஓர் ஆளாகவே வருகிறாள்: உங்கள் பெரியம்மாவாக இருக்கலாம், பக்கத்து லயத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாமலே தெரிந்துகொண்டு கஞ்சியோடு போன அத்தையாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். ஆணாகவும் இருக்கலாம், அரசி என்பது இங்கே ஒரு மனப்பாங்கு.

என் ராசி கடகம். இது என் சீட்டா?

கோல்டன் டான் கணக்கில் கிண்ண அரசிக்கு உரியது மிதுனத்தின் கடைசிப் பத்துப் பாகையும் கடகத்தின் முதல் இருபது பாகையும். ஏறத்தாழ ஜூன் 11 முதல் ஜூலை 12 வரை. ஆனால் அது மேற்கத்திய சாயன முறை. நம் பஞ்சாங்கம் அயனாம்சத்தைக் கழிக்கும் நிராயன முறை. இரண்டுக்கும் இப்போது ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம். அதே நாள்களில் நம் கணக்குப்படி சூரியன் ரிஷபத்தின் இறுதியில் தொடங்கி மிதுனத்தில் பெரும்பகுதியைக் கழிக்கிறார். அதாவது வைகாசி முடிவும் ஆனியும். மேலும், நம்மவர்கள் ராசி என்று சொல்வது பிறந்த நேரத்துச் சந்திரன் நின்ற ராசியை. மேற்கத்தியர் சொல்வது சூரியன் நின்றதை. ஆகவே ஜாதகக் கட்டத்தைக் கொண்டுவந்து சீட்டின்மேல் அப்படியே ஒட்டாதீர்கள்.

ஓரிடத்தில் இரண்டு மரபுகளும் கைகோக்கின்றன. கடகம் நீர் ராசி, அதன் அதிபதி சந்திரன் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சந்திரனை நம் சோதிடர்கள் மனோகாரகன் என்பார்கள்.

வேறு கட்டுகளில் இவள் எப்படி இருக்கிறாள்?

ஆங்கில மறைஞானி அலிஸ்டர் கிரௌலியின் திட்டத்தில் ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த தோத் கட்டைக் கட்டாயம் பாருங்கள். அங்கே அரசியின் முகம் ஏறக்குறையத் தெரியாது. ஒளி வளைவுகளும் அவற்றின் பிரதிபலிப்பும் திரையாகிவிட்டன. ஒரு கையில் தாமரை, மறு கையில் சிப்பி வடிவக் கிண்ணம், அதிலிருந்து ஒரு நண்டினம் வெளிப்படுகிறது, அருகில் ஒரு பறவை. பார்க்கிறவனின் இயல்பையே அவள் திருப்பிக் காட்டுகிறாள், அவளுடைய சொந்த உண்மையை அறிவது அரிது என்பது கிரௌலியின் வாசிப்பு. ஸ்மித் கிண்ணத்துக்கு மூடி போட்டார். ஹாரிஸ் கிண்ணத்தைத் திறந்துவிட்டு முகத்துக்குத் திரை போட்டார். ஏதோ ஒன்று மறைந்தே இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள்.

சீட்டு தலைகீழாக வந்தால்?

பழைய விளக்கங்கள் இங்கே மிகக் கடுமையானவை. நம்பத்தகாத பெண், ஒழுக்கம் தவறியவள் என்றெல்லாம் வரும். அக்காலத்து ஆண்களின் அச்சம் அதில் பேசுகிறது என்று நான் அவற்றை ஒதுக்கிவிடுகிறேன்.

என் வாசிப்புக்கு மறுபடியும் மங்குக்கே போக வேண்டியிருக்கிறது. எடுக்காமல் விட்ட பால் மங்கிலேயே உறைந்து கட்டிப்பாலாகிவிடும். பாலாகவே வைத்திருக்க வேண்டுமென்றால் அமோனியா கலக்க வேண்டும். தலைகீழான அரசியிடம் நான் காண்பது இந்த உறைதலைத்தான்: மூடி பாதுகாப்புக்காகப் போடப்பட்டது, ஆனால் திறக்கவே மறந்துபோனது. எல்லோருடைய கவலையையும் வருடக்கணக்கில் வாங்கி வைத்துக்கொண்டு, தன் கவலையை யாரிடமும் சொல்லாத பெண்கள் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். சில வேளைகளில் நேர்மாறாகவும் படிக்கலாம்: மூடி கழன்று, கேட்டவரிடமெல்லாம் கொட்டித் தீர்க்கும் நிலை. எது என்பதைப் பக்கத்தில் விழுந்த சீட்டுகள் காட்டும். கட்டிப்பாலும் விலை போகும் என்பதை மட்டும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நினைவூட்டுகிறேன்.

கோயிலில் அருள் வந்து குறி சொல்வதும் இதுவும் ஒன்றா? கிண்ணத்தைக் கரகத்தோடு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம், ஒன்றென்று சொல்லக் கூடாது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் நீர்க்கரையிலிருந்து தலையில் ஏறிவரும் கரகமும் நீர் நிறைந்த, பூவாலும் வேப்பிலையாலும் மூடிய பாத்திரம்தான். உள்ளே இருப்பதை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாரி என்ற சொல்லுக்கே மழை என்று பொருள். இத்தனை ஒற்றுமை கண்ணில் படும்போது மனம் தாவத்தான் செய்கிறது. ஆயினும் ஸ்மித்தும் வெய்ட்டும் கரகத்தை நினைத்து வரையவில்லை. அருள் வரும்போது சாமியாடி தன்னை விட்டுக்கொடுக்கிறார், பேசுவது அம்மன் என்பது நம்பிக்கை. கிண்ண அரசி தன்னை விட்டுக்கொடுப்பதில்லை; விழித்த கண்ணோடு உட்கார்ந்து பார்க்கிறாள். அம்மன் வாக்கு கேட்க வேண்டியவர்கள் கோயிலுக்கே போகலாம். மாடிப்படி ஏறி என்னிடம் வர வேண்டியதில்லை.

இந்தச் சீட்டு வந்தால் திருமணம் நடக்குமா, நோய் தீருமா?

சீட்டு தேதி சொல்லாது. நோய்க்கு மருத்துவரிடம் போங்கள்.

வரைந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல முடியுமா?

பமீலா கோல்மன் ஸ்மித் 1878இல் லண்டனில் பிறந்தார். சிறுவயதில் சில ஆண்டுகள் ஜமைக்காவில் வாழ்ந்தார். இசையைக் கேட்கும்போது மனத்தில் எழும் காட்சிகளை ஓவியமாக வரைவார். 78 சீட்டுகளையும் சில மாதங்களில் வரைந்து முடித்தார். பெரிய வேலை, மிகச் சொற்பப் பணம் என்று 1909 நவம்பரில் ஒரு கடிதத்தில் அவரே குறைப்பட்டிருக்கிறார். 1951இல் கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். கட்டு நெடுங்காலம் பதிப்பாளர், வெய்ட் ஆகியோரின் பெயர்களால் மட்டுமே அழைக்கப்பட்டது. அண்மைக் காலத்தில்தான் ஸ்மித்தின் பெயரையும் பலர் சேர்த்துச் சொல்கிறார்கள். சீட்டின் மூலையில் கொடிபோல் சுருண்டிருக்கும் கையெழுத்து அவருடையது. அடுத்த முறை தேடிப் பாருங்கள்.

சீட்டை வைத்து நானே தியானிக்க விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

கிண்ணத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அவள் முகத்தை மட்டும் பாருங்கள். அதில் மகிழ்ச்சியா, கவலையா, கவனமா என்று உங்களுக்குத் தோன்றுவதை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு விரலை எடுத்து, முகத்தை மறைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பாருங்கள். அதன் எடை எவ்வளவு இருக்கும் என்று கைகளில் உணர முயலுங்கள். மூன்றாவதாக அவள் காலடிக் கூழாங்கற்கள். அவசரம் வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும். ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. சீட்டை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கீழே கடையிலிருந்து இரண்டு தே வரவழைப்பேன்.